சனிக்கிழமைப் பண்டமாற்று

நண்பர்களே, இது சற்று நீண்ட பதிவு. ஆய்வேட்டின் ஓர் இயல் முடியாமல் கிடக்கும் வேளையில் எழுதுவது. என் நெறியாளர் இதைப் படிக்காதிருப்பாராக.

வாரணாசியில் நான் தங்கியிருக்கும் ஆய்வு மாணவர் விடுதியில் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை இரவு உணவுக்குப் பின், அந்த வாரம் இணையத்தில் கண்டெடுத்த வேடிக்கையான அல்லது விந்தையான ஒன்றை ஒவ்வொருவரும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இடவேண்டும். நாங்கள் ஏழு பேர், ஐந்து தாய்மொழிகள். என் துறை அறிவியல் வரலாறு. மற்றவர்களுடையவை இயற்பியல், கால்நடை மருத்துவம், பொருளியல், இந்தி இலக்கியம் என்று விரிபவை. ஒருவருடைய ஆய்வு இன்னொருவருக்குப் புரிவதில்லை. ஆனால் வேடிக்கை எல்லோருக்கும் புரியும். நெல்லைக் கொடுத்து உப்பைப் பெற்ற பழைய பண்டமாற்றுப் போல, ஒரு விந்தையைக் கொடுத்து ஆறு விந்தைகளைப் பெற்றுக்கொண்டு உறங்கச் செல்வோம். அரசியலுக்கும் உதவித்தொகைத் தாமதத்துக்கும் அன்றிரவு இடமில்லை.

விதி ஒன்றே ஒன்றுதான். எதை இட்டாலும் அது முதன்முதலில் எங்கே, யாரால், எப்போது வெளியிடப்பட்டது என்பதைக் கண்டறிந்து அதையும் சேர்த்து இடவேண்டும். கண்டறிய இயலாவிட்டால் அடுத்த சனிக்கிழமை வரை காத்திருக்கலாம். ‘யாரோ அனுப்பினார்கள்’ என்பது மட்டும் செல்லாது.

இவ்விதி எப்படிப் பிறந்தது என்பதைப் பின்னர் சொல்கிறேன். அது அவ்வளவு வேடிக்கையானதன்று. முதலில் எங்கள் சேகரத்திலிருந்து சில.

உலகின் முதல் வலைக்காமிரா எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று கேட்டால் பலருக்கும் விடை தெரியும்: ஒரு காப்பிக் குடுவையை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கணினி ஆய்வகத்தில் டிரோஜன் அறை என்றோர் அறைக்கு வெளியே அந்தக் குடுவை இருந்தது. கட்டடத்தின் வேறு தளங்களில் இருந்தவர்கள் படியிறங்கி வந்து வெறுங்குடுவையைக் கண்டு திரும்புவது வாடிக்கை. 1991இல் அதன்முன் ஒரு காமிராவை நிறுத்தி, அவரவர் மேசையிலிருந்தே குடுவையைப் பார்க்குமாறு செய்தார்கள். 1993இல் அது உலகளாவிய வலையில் இணைக்கப்பட்டது. உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் அந்தக் குடுவையைப் பார்க்கத் தொடங்கினார்கள். 2001 ஆகஸ்ட் 22 அன்று காமிரா நிறுத்தப்பட்டது. குடுவையை இணைய ஏலத்தில் 3,350 பவுண்டு கொடுத்து வாங்கியது ஜெர்மனியின் ஸ்பீகல் இதழின் இணையப் பதிப்பு.

இவ்வளவும் பகிர்வுகளில் கிடைக்கும். மூலத்துக்குச் சென்றால் மேலும் ஒன்று கிடைக்கும். அந்த ஏற்பாட்டைச் செய்தவர்களுள் ஒருவரான குவென்டின் ஸ்டாஃபோர்டு-ஃப்ரேசர் பின்னர் குடுவையின் வாழ்க்கை வரலாற்றையே எழுதிவைத்திருக்கிறார். நிமிடத்துக்கு ஏறத்தாழ மூன்று முறைதான் படம் மாறும். குடுவை நிரம்புவதே மெதுவாகத்தான் என்பதால் அது போதுமானதாயிருந்தது. படத்தில் வண்ணமில்லை, வெறும் சாம்பல் நிறம். காப்பியும் ஏறத்தாழ அந்நிறமே என்பதால் அதுவும் குறையாகத் தோன்றவில்லையாம். ஊர்சுற்றும் செய்தியில் கருவி மட்டும் இருக்கிறது. மூலத்தில் அந்தக் காப்பியின் தரமும் இருக்கிறது.

அடுத்தது பூனை. 1975இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்து இயற்பியலாளர் ஜாக் ஹெதரிங்டன், ஹீலியம்-3 பற்றி ஒரு கட்டுரை எழுதி முடித்தார். ‘ஃபிசிகல் ரிவியூ லெட்டர்ஸ்’ இதழுக்கு அனுப்பவேண்டிய நேரத்தில் உடன்பணியாற்றும் ஒருவர் ஒரு குறை கண்டார். ஆசிரியர் ஒருவரே, கட்டுரை முழுவதும் பன்மைத் தன்மையில் இருக்கிறது, இதழ் திருப்பி அனுப்பிவிடும் என்றார். தட்டச்சுக் காலம் அது. முழுவதையும் மீண்டும் தட்டச்சிட வேண்டும். ஹெதரிங்டன் எளிய வழியைத் தேர்ந்தார்: தம் வீட்டு சயாமியப் பூனை செஸ்டரை இணையாசிரியர் ஆக்கினார். பெயர் எஃப். டி. சி. வில்லார்டு. பின்னர் கட்டுரையின் தனிப்படிகள் சிலவற்றில் பூனை தன் பாதச் சுவடால் கையொப்பமும் இட்டது. 1980இல் பிரெஞ்சு இதழ் ஒன்றில் வில்லார்டு தனியாசிரியராகவும் எழுதினார்.

இதை இட்ட இயற்பியல் நண்பரிடம் நான் சொன்னது: ஹெதரிங்டன் தமிழில் எழுதியிருந்தால் பூனை தேவைப்பட்டிராது. ‘நாங்கள்’ என்று எழுதினால்தான் இன்னொரு ஆசிரியர் வேண்டும். ‘நாம்’ என்று எழுதினால் படிப்பவரே உடன் வந்துவிடுவார். இந்த வேறுபாட்டை இந்திக்காரர்களுக்கு விளக்க அன்று நள்ளிரவு ஆகிவிட்டது. குழுவில் இருந்த மலையாளிக்கு மட்டும் உடனே புரிந்தது.

மூன்றாவது, ஆய்வேடு எழுதுவோர் அனைவருக்கும் உரியது. 1974இல் ‘ஜர்னல் ஆஃப் அப்ளைடு பிகேவியர் அனாலிசிஸ்’ இதழில் டெனிஸ் அப்பர் என்பார் ஒரு கட்டுரை வெளியிட்டார். எழுத்துத் தடைக்குத் தாமே செய்துகொண்ட சிகிச்சை தோல்வியுற்றது குறித்தது அது. தலைப்பு உண்டு, கீழே கட்டுரை இல்லை, வெற்றுத்தாள். இதனுடன் மதிப்பீட்டாளரின் கருத்தையும் இதழ் வெளியிட்டது. எலுமிச்சைச் சாறிட்டும் எக்ஸ் கதிர் கொண்டும் ஆராய்ந்ததாகவும், ஆய்வு முறையிலோ எழுத்து நடையிலோ பிழையேதும் காணவில்லை என்றும், திருத்தமின்றி வெளியிடலாம் என்றும் அவர் பரிந்துரைத்திருந்தார். 2007இல் பல நாட்டு ஆய்வாளர்கள் இதே ஆய்வை மீளச் செய்து அதே முடிவைப் பெற்றனர். மீளச் செய்து பார்க்கும்போது முடிவுகள் பொய்த்துப்போகும் உளவியல் ஆய்வுகள் மலிந்த காலத்தில், இது சிறிய சாதனையன்று.

நான்காவது, மலையாளி நண்பரின் பங்கு. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே. பி. ஸ்ரீகுமார், ஜி. நிர்மலன் இருவரும் 2002ஆம் ஆண்டின் கணிதத்துக்கான இக் நோபல் பரிசைப் பெற்றார்கள். இந்திய யானையின் உடற்பரப்பு எவ்வளவு என்பது அவர்களுடைய ஆய்வு. இக் நோபல் என்பது 1991 முதல் மார்க் ஆபிரகாம்ஸ் நடத்திவரும் பகடிப் பரிசு. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குரியது. பகிர்வுகள் பெரும்பாலும் முதற்பாதியோடு நின்றுவிடுகின்றன. ‘யானையின் தோலை அளக்க மக்கள் வரிப்பணம்’ என்ற தொனியில்தான் இச்செய்தி எங்களுக்கும் வந்தது.

கால்நடை மருத்துவ நண்பர் மூலக்கட்டுரையைத் தேடிப் படித்துவிட்டு வந்தார். பரிசுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 1990இல் கால்நடை மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வெளியானது அது. விலங்கின் உடல் எவ்வளவு வெப்பத்தை வெளியிடுகிறது, எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறது என்பவற்றைக் கணிக்கத் தோலின் பரப்பளவு தேவை. சிறு விலங்குக்கு அதை அளந்துவிடலாம். யானையை யார் அளப்பது? அவர்கள் அளந்தார்கள். பின்னர், உயரத்தையும் முன்னங்கால் பாதத்தின் சுற்றளவையும் மட்டும் கொண்டு மொத்தப் பரப்பைக் கணிக்கும் சமன்பாட்டைத் தந்தார்கள். பார்வையற்றோர் யானையைத் தடவிப்பார்த்த கதையை நாம் ஈராயிரம் ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். முழு யானையையும் தடவிப்பார்த்த இருவர் கிடைத்ததும் சிரிக்கிறோம்.

இனி, விதி பிறந்த கதை.

குழு தொடங்கிய முதலாண்டில் இவ்விதி இல்லை. ஒரு சனிக்கிழமை, பெங்களூர் நண்பர் ஒரு படத்தை இட்டார். 2003ஆம் ஆண்டின் இக் நோபல் அமைதிப் பரிசு, இறந்தோருக்குச் சங்கம் நடத்தும் இந்தியர் ஒருவருக்கு என்று அதில் ஒரே வரி. பெயரில்லை; ஊரில்லை. கண்ணீர் வரச் சிரிக்கும் முகங்கள் கீழே வரிசையாக வந்து நின்றன. அசம்கர் மாவட்டத்து நண்பர் மட்டும் சற்று நேரம் கழித்து நான்கு வரி எழுதினார். தம் பெரியப்பா நில ஏட்டின்படி ஆறு ஆண்டுகளுக்கு முன் இறந்தவர் என்றும், அன்று காலை கோதுமைக்கு நீர் பாய்ச்சிவிட்டுத் தம்மோடு தொலைபேசியில் பேசினார் என்றும், உயிரோடிருப்பதற்குச் சான்று கேட்கிறார்கள் என்றும், அவரே நேரில் போய் நிற்பது சான்றாகாது என்றும் எழுதியிருந்தார்.

சிரிப்பு நின்றது. படத்தை நீக்கிவிடட்டுமா என்று பெங்களூர் நண்பர் கேட்டார். ‘நீக்க வேண்டாம் தம்பி. அந்த மனிதருக்குப் பெயர் இருக்கிறது, அதையும் எழுது’ என்று இந்தியில் மறுமொழி வந்தது.

அந்த மனிதர் லால் பிகாரி. அசம்கர் மாவட்டத்து விவசாயி. நிலத்துக்காக உறவினர்கள் அவரை ஆவணத்தில் இறந்தவர் ஆக்கிவிட்டார்கள். 1975 முதல் 1994 வரை அரசுக் கணக்கில் அவர் இல்லை. மனு கொடுத்துப் பயனில்லாதபோது அவர் வேறு வழிகளைக் கையாண்டார். பெயருக்குப் பின்னால் இறந்தவர் எனப் பொருள்படும் ‘மிருதக்’ என்னும் சொல்லைச் சேர்த்துக்கொண்டார். தம் மனைவிக்குக் கைம்பெண் உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்தார். தேர்தலில் நின்றார்; செத்தவன் போட்டியிட முடியாதென்று அரசு மறுத்தால் ஒரு வழக்கு, மறுக்காவிட்டால் தாம் உயிரோடிருப்பதற்கு ஒரு சான்று. தம்மைப்போல் ஏட்டில் இறந்தவர்களைத் திரட்டி மிருதக் சங்கத்தை நிறுவினார். 1994இல் ஆவணத்தில் உயிர்பெற்றார். 2021இல் சதீஷ் கௌசிக் இயக்கிய ‘காகஸ்’ என்னும் இந்தித் திரைப்படம் இவர் கதையைத் தழுவியது.

மூலத்தைத் தேடியபின் எங்களுக்கு ஒன்று தெளிந்தது. இந்தக் கதைக்குச் சிரிப்பது தவறன்று. லால் பிகாரி எடுத்த ஆயுதமே நகைப்புத்தான். தம்மை இல்லையென்ற அலுவலகத்தை, தாம் இல்லாதவராகவே நடந்துகொண்டு நகைக்கச் செய்தார். படத்தில் இருந்த ஒரு வரியில் நாங்கள் அவரைப் பார்த்துச் சிரித்தோம். முழுக் கதையில் அவரோடு சேர்ந்து சிரிக்கிறோம். பெயரையும் ஊரையும் நீக்கிய பகிர்வு அவரை இரண்டாம் முறையாக ஏட்டிலிருந்து நீக்கியிருந்தது. அடுத்த சனிக்கிழமை முதல் விதி நடைமுறைக்கு வந்தது. நண்பரின் பெரியப்பா வழக்கு இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு விசாரணைக்குப் பின்னும் நண்பர் குழுவில் ஒரு வரி இடுகிறார். அதற்கு மட்டும் சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பெயர் நீங்கிய பகிர்வுக்கு இன்னோர் எடுத்துக்காட்டு 6174. ‘பண்டை முனிவர்கள் கண்ட மாய எண்’ என்ற பெயரில் எங்கள் குழுவுக்கு அது மூன்று முறை வந்திருக்கிறது. ஏதேனும் ஒரு நான்கிலக்க எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு இலக்கங்களும் ஒன்றாக இருத்தலாகாது. இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறுவரிசையில் எழுதியதைக் கழியுங்கள். வரும் விடையையும் அவ்வாறே செய்யுங்கள். 2003ஐ எடுத்தால்: 3200இலிருந்து 0023 போனால் 3177. 7731இலிருந்து 1377 போனால் 6354. 6543இலிருந்து 3456 போனால் 3087. 8730இலிருந்து 0378 போனால் 8352. 8532இலிருந்து 2358 போனால் 6174. அதற்குமேல் எத்தனை முறை செய்தாலும் 6174தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிகளுக்குள் இங்கே வந்து சேரும்.

முனிவர் எவரும் இல்லை. நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த த. ரா. கப்ரேகர் கண்டது இது. 1905இல் பிறந்தவர், எண்களோடு விளையாடுவதே வாழ்வாகக் கொண்டவர். தம் கண்டுபிடிப்புகள் பலவற்றைச் சிறு வெளியீடுகளாகத் தாமே அச்சிட்டார். அவர் செய்வது வெறும் விளையாட்டு என்று நம் நாட்டுக் கணித அறிஞர் பலர் அவரைப் பொருட்படுத்தவில்லை. 6174ஐ அவர் அறிவித்தது 1949இல், சென்னையில் நடந்த கணித மாநாட்டில். 1975இல் மார்ட்டின் கார்ட்னர் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதியபின்னரே வெளியுலகம் அவரை அறிந்தது. முனிவர் கண்டார் என்பதில் என்ன விந்தை? முனிவர் எதையும் காணலாம். பள்ளிக்கூட மணி அடித்தபின் ஓர் ஆசிரியர் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து இதைக் கண்டார் என்பதன்றோ விந்தை! அன்று அவரைச் சிலர் பொருட்படுத்தவில்லை. இன்று பகிர்வுகள் அவர் பெயரையே உதிர்த்துவிடுகின்றன.

மூலம் பாராமல் கைமாற்றுவது வாட்ஸ்அப்புக்கு மட்டும் உரிய நோய் என்று கருதிவிட வேண்டாம். ஆய்வுலகத்துக்குள்ளேயே அது உண்டு. வான் டெர் கீர் முதலிய மூவர் 2000ஆம் ஆண்டில் எழுதியதாகக் கூறப்படும், அறிவியல் கட்டுரை எழுதும் கலை பற்றிய ஒரு கட்டுரை, ஏறத்தாழ 400 ஆய்வுக்கட்டுரைகளில் சான்றாகக் காட்டப்பட்டிருந்தது. அப்படியொரு கட்டுரை இல்லை. அதை வெளியிட்ட இதழும் இல்லை. துணைநூற்பட்டியல் அமைக்கும் முறையை விளக்க எல்செவியர் பதிப்பகம் தன் மாதிரிப்படிவத்தில் இட்டிருந்த கற்பனை எடுத்துக்காட்டு அது. மாதிரியின் மேலேயே தம் கட்டுரையைத் தட்டச்சிட்டவர்கள் அந்த வரியை நீக்க மறந்தார்கள், அது சான்றாகிவிட்டது. லெய்டன் பல்கலைக்கழகத்தின் பீட்டர் குரோனன்பர்க் ஐயுற்று ஆராய்ந்ததை, ஆனி-வில் ஹார்சிங் 2017இல் எழுதி வெளிக்கொணர்ந்தார். எழுதும் கலைபற்றிய கட்டுரையே எழுதப்படாததாக இருந்தது என்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

அதனினும் விந்தையானது ‘தாவர வளர்ச்சி மின்னணு நுண்ணோக்கியியல்’ என்று தமிழில் சொல்லத்தக்க ஒரு தொடர். அப்படியொரு நுண்ணோக்கி முறை உலகில் கிடையாது. 1950களில் இரு பத்திகளாக அச்சிடப்பட்ட ஓர் ஆய்விதழைக் கணினிக்கு மாற்றியபோது, இடப்பத்தியின் ஒரு சொல்லும் வலப்பத்தியின் இரு சொற்களும் ஒட்டிக்கொண்டன. பல பத்தாண்டுகளுக்குப் பின் அதே தொடர் ஈரானிய ஆய்வாளர் சிலரின் ஆங்கிலக் கட்டுரைகளில் தோன்றியது. பாரசீகத்தில் ‘வளர்ச்சிசார்’, ‘வருடு’ என்னும் பொருளுடைய இரு சொற்களுக்கிடையே உள்ள வேறுபாடு ஒரே ஒரு புள்ளிதான். மொழிபெயர்ப்பில் அது பிறழ்ந்திருக்கலாம் என்பது தரப்படும் விளக்கம். இன்று 20க்கும் மேற்பட்ட கட்டுரைகளில் அது குடியேறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு மொழிமாதிரிகளும் அதைக் கற்றுக்கொண்டிருக்கின்றன.

ஒரு புள்ளியின் விலை தமிழ் படித்தோருக்குப் புதிதன்று. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவது அரிது. நெட்டெழுத்தின் காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு தெரியாது. எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான் என்று பழமொழியே உண்டு. ஆகவேதான் உ. வே. சாமிநாதையர் போன்றோர் ஒரு நூலுக்குப் பல சுவடிகளைத் தேடி ஒப்பிட்டார்கள். சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்குமுன், அதன் சமயக் கருத்துகளை அறியக் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குச் சென்று கேட்டார் அவர். கைக்கு வந்ததை அப்படியே அச்சுக்குக் கொடுத்திருந்தால் வேலை விரைவில் முடிந்திருக்கும்.

இதை நான் வலிந்து சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் எழுவருள் இளையவர் சென்ற பருவத்தில் ஆய்வேட்டை ஒப்படைக்கும் நிலையில் இருந்தார். துணைநூற்பட்டியலின் ஒரு பகுதியை ஒழுங்குபடுத்தச் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றின் உதவியைப் பெற்றிருந்தார். ஒப்படைக்கப் பத்து நாள் இருக்கையில், சனிக்கிழமை விதியை ஆய்வேட்டுக்கும் பொருத்திப் பார்ப்போமே என்று ஒவ்வொரு பதிவையும் மூலத்தில் தேடத் தொடங்கினார். இரண்டு கட்டுரைகள் எங்கும் இல்லை. ஆசிரியர்கள் மெய்யானவர்கள், இதழ்கள் மெய்யானவை, கட்டுரைகள் மட்டும் பிறக்கவில்லை. நீக்கினார், அவற்றைச் சார்ந்திருந்த பத்தியையும் திருத்தி எழுதினார். ஐந்தாண்டு உழைப்பு ஒரு வாய்மொழித் தேர்வில் கேலிக்குள்ளாகாமல் தப்பியது. பூனைக்கும் குடுவைக்கும் மூலம் தேடிப் பழகிய கை அது.

வேடிக்கைகளுக்கு நேரம் செலவிடுவது ஆய்வாளருக்கு அழகா என்று கேட்பவர்களுக்கு இதுவே என் விடை. பெரிய செய்திகளில் மூலம் தேடும்போது நமக்குச் சார்பு குறுக்கிடும். நமக்கு உவப்பானதை மெய்யென்று கொள்ள மனம் விரையும். பூனை எழுதிய கட்டுரையில் யாருக்கும் கட்சி இல்லை. ஆகையால் அங்கே பழகுவது எளிது. பழகியபின் அந்தக் கை மற்றவற்றிலும் தானாகவே செல்லும்.

எங்கள் குழுவில் ஒரு விந்தையை இடும்போது நான்கு செய்திகள் சேர்ப்போம்: செய்தவர் பெயர், ஆண்டு, முதலில் வெளிவந்த இடம், பகிர்வில் விடுபட்டது எது. நான்காவதில்தான் பெரும்பாலும் சுவை இருக்கிறது. உங்களிடம் இருப்பவற்றையும் இந்த நான்கோடு சொல்லுங்கள். வரும் சனிக்கிழமை உங்கள் பெயரையும் சேர்த்து எங்கள் குழுவில் இடுகிறேன்.

இந்த வாரம் என் கையில் மிக அழகான ஒன்று இருக்கிறது. கேட்டால் நீங்கள் இன்றே பத்துப் பேருக்கு அனுப்பிவிடுவீர்கள். அதன் மூலம் இன்னும் அகப்படவில்லை. ஆகவே இப்போது சொல்வதற்கில்லை.